நமக்கு நாமே தொகுக்கும் பாட்டுப் பட்டியல்: சிங்கை சொல்லும் வரலாறு



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் தேக்காவைச் சுற்றியுள்ள திடல்களில் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். ஒருவர் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார். மற்றொருவர் கைப்பேசியைக் காதில் பொருத்திக்கொண்டு பாட்டுக் கேட்பார். அவர் கேட்பது ஒரு பாட்டு, பக்கத்தில் இருப்பவர் கேட்பது வேறு பாட்டு. ஒருவர் பாட்டு மற்றவரைத் தொந்தரவு செய்வதில்லை.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். தனக்குப் பிடித்த பாட்டை, தான் விரும்பிய நேரத்தில், தான் அமைத்த வரிசையில் கேட்பது உழைக்கும் மனிதனுக்கு நேற்றுவரை கிட்டாத வசதி. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். போகிற வழியில், நம் வீட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளத் தக்க சில பாட்டுகளையும் சொல்லுவோம். அவை தமிழ்ப் பாட்டுகள் அல்ல. 'ராக்' என்றும் 'கன்ட்ரி' என்றும் சொல்லப்படும் கித்தார்ப் பாட்டுகள். கித்தா மரத்தோடு வாழ்ந்த நமக்குக் கித்தார் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். காரணத்தைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 1949-ஆம் ஆண்டில் 'ரெடிஃப்யூஷன்' என்ற கம்பி வானொலி வந்தது. வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து ஒரு பெட்டியை மாட்டிவிடுவார்கள். மாதம் 5 வெள்ளி கட்டணம். நிலையம் தேடித் திருகும் வேலை அந்தப் பெட்டியில் கிடையாது. இரண்டு தடங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். பெட்டி என்ன பாடுகிறதோ அதையே வீடு கேட்டது. காப்பிக் கடைகளில் அந்தப் பெட்டியைச் சுற்றி மக்கள் கூடியிருந்து கதை கேட்டார்கள் என்பதும் உண்மை. எனவே அதைக் குறை சொல்லிவிட முடியாது. அந்த நிறுவனம் 2012 ஏப்ரல் வரை நடந்தது. ஆனால் தெரிவு கேட்பவர் கையில் இல்லை.

தெரிவின் முதல் வாசலைத் திறந்தது அஞ்சலட்டை. 'நேயர் விருப்பம்' என்ற சொல்லை அறியாத தமிழ் வீடு உண்டா? இன்ன பாட்டு வேண்டும் என்று எழுதி, கேட்பவர் பெயர்களையும் வரிசையாக எழுதி அனுப்பினால், என்றோ ஒரு நாள் அறிவிப்பாளர் வாசிப்பார். பாட்டைவிடப் பெயர் வாசிக்கப்படுவதில்தான் பாதி இன்பம். லயத்துக் கடைசி வீட்டுப் பெண்ணின் பெயர் காற்றில் நாடு முழுதும் ஒலித்தது சின்ன விஷயமா?

இந்த ஆசை எவ்வளவு வலியது என்பதற்கு இந்தியாவில் ஒரு நல்ல சான்று உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை. வானொலியின் திருகை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதே 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாகா கீத் மாலா' இந்தியா முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபரில், அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு மறுபடி இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற சிற்றூர், அபிரகம் தோண்டும் சுரங்க ஊர். அங்கிருந்து குவிந்த பாட்டு விருப்பக் கடிதங்களாலேயே அந்த ஊரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. சுரங்க ஊர் ஒன்று அஞ்சலட்டையால் புகழ் பெற்றது என்பதை நாம் மறக்க வேண்டாம். சுரங்கம் மறுபடியும் இந்தப் பேச்சில் வரும்.

சிங்கப்பூரிலும் இதே போன்ற அச்சம் இருந்தது. 1959-இல் புதிய அரசாங்கம் பதவிக்கு வந்ததும் 'மஞ்சள் பண்பாடு' என்று பெயரிட்டுத் தீய கேளிக்கைகளை ஒழிக்கப் புறப்பட்டது. அதில் ஜூக்பாக்ஸ் பெட்டிகளும் சிக்கின. காசு போட்டால் கேட்ட இசைத்தட்டைப் பாடும் பெட்டி அது. ஆபாச ஏட்டையும் பாட்டுப் பெட்டியையும் ஒரே மூட்டையாகக் கட்டியது சரியல்ல என்பது நம் எண்ணம். ஆயினும் அன்றைய சூழ்நிலையையும் நினைக்க வேண்டும். அந்நிய ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்டுக்கொண்டிருந்த ஊர், தன் பிள்ளைகள் பிறர் நாட்டுப் பாட்டுக்குப் பின்னால் போவதைக் கண்டு கலங்கியது.

பிள்ளைகள் போகத்தான் செய்தார்கள். 1961 நவம்பரில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'ஷாடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து, ஹேப்பி வேர்ல்டு அரங்கில் பாடினார்கள். அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் பலர் கித்தாரும் கையுமாகத் திரிந்தார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, இந்தியப் பிள்ளை, யூரேசியப் பிள்ளை எல்லாம் ஒரே குழுவில் வாசித்தார்கள். பிரிட்டிஷ் படைத்தளங்களில் இருந்த சிப்பாய்களின் கேளிக்கை விடுதிகள் அவர்களுக்கு வாசிக்க இடமும் கூலியும் கொடுத்தன.

இங்கே நம் பட்டியலின் முதல் பாட்டைச் சொல்லலாம். குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' என்ற குழுவின் 'ஷாண்டி' அது. 1964-இல் வெளிவந்தது. குழுவைச் சேர்ந்த ஹென்றி சுவா அமைத்த மெட்டு. வாய்ப்பாட்டே கிடையாது, வாத்திய இசை மட்டும்தான். ஆகவே ஆங்கிலம் தெரியாத பாட்டியும் கேட்கலாம். உலகமே பீட்டில்ஸ் என்று கத்திக்கொண்டிருந்த அந்த ஆண்டில், சிங்கப்பூர் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸின் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு இந்த உள்ளூர்த் தட்டு முதலிடத்துக்கு வந்தது. அந்தக் குழுவின் கித்தார்க்காரர் ரெஜி வெர்கீஸ். பெயரே கேரள வழியைச் சொல்லுகிறது. பிற்காலத்தில் அவர் இசைத்தட்டு நிறுவனத்தில் பிறருடைய பாட்டுகளைத் தயாரித்துக் கொடுக்கும் பணியில் இருந்தார். 2015-இல் காலமானார். இதற்கு ஓராண்டு முன்பே, 1963-இல், சூசன் லிம் என்ற இளம் பெண் 'கிரெசென்டோஸ்' குழுவோடு பாடிய 'மிஸ்டர் டுவிஸ்டர்' வந்துவிட்டது. இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் போடும் வயதினருக்கு ஏற்றது.

அந்த ஆரவாரம் நீளவில்லை. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின, விடுதிக் கூலியும் போயிற்று. நீண்ட தலைமுடிக்கும் போதைப் பழக்கத்துக்கும் முடிச்சுப் போட்டு அரசாங்கம் கெடுபிடி செய்தது. நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் தட்டி எழுதி மாட்டினார்கள். புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் கழுத்துக்குக் கீழே இறங்கினால் அது நீள முடி என்று படம் போட்டே விளக்கினார்கள். 1972-இல் 'லெட் செப்பெலின்' என்ற பெரிய ராக் குழு, முடி காரணமாகவே ஊருக்குள் விடப்படாமல் திரும்பிப் போனது. மயிரிழையில் தப்பியது என்பார்கள், இவர்களோ மயிரிழையில் தவறவிட்டார்கள்.

இனி, பெரியவர்களுக்குச் சொல்லுவதாக ஒப்புக்கொண்ட காரணத்துக்கு வருவோம். கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புறத்தின் பாட்டு. அதைப் பாடியவர்கள் சீமான்கள் அல்லர். ரயில்வேத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, பருத்தி எடுப்பவன், மாடு மேய்ப்பவன். பாஞ்சோ என்ற அதன் நரம்புக் கருவி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடமிருந்து வந்தது. 1927-இல் முதன்முதல் இசைத்தட்டில் பாடிய ஜிம்மி ராஜர்ஸ் ரயிலில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். காசநோய் அவரை அரித்தது. 1933-இல், கடைசிப் பதிவின்போது பாட்டுக்குப் பாட்டு இடையில் கட்டிலில் படுத்து இளைப்பாறிக்கொண்டுதான் பாடினார். இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 35. அவருடைய 'புளூ யோடல்' வரிசையில் ஒன்று நம் பட்டியலில் மூன்றாவதாக இருக்கட்டும். குரலைத் திடீரென்று உச்சிக்கு ஏற்றி உடைக்கும் ஒரு வித்தை அதில் வரும். மலைக்கு மலை கூவி அழைத்துப் பழகியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

நான்காவது 'சிக்ஸ்டீன் டன்ஸ்', அதாவது பதினாறு டன். இந்த ஒரு பாட்டுக்காகவே இந்தப் பேச்சை எழுதினோம் என்றாலும் தவறில்லை. கென்டக்கி மாநிலத்துச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த மெர்ல் டிராவிஸ் 1946-இல் பதிவு செய்தது. 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டு என்பவரின் ஆழ்ந்த குரலில் மறுபடி வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நிலக்கரியை அள்ளி அள்ளிப் போடுகிற தொழிலாளி, உழைக்க உழைக்கக் கடன்தான் ஏறுகிறது, கம்பெனிக் கடைக்குத் தன்னையே அடகு வைத்தாகிவிட்டது என்று பாடுவதாக அமைந்தது. அது கற்பனை அல்ல. அமெரிக்கச் சுரங்க ஊர்கள் பலவற்றில் சம்பளத்தைப் பணமாகக் கொடுக்காமல், கம்பெனியே அச்சடித்த சீட்டாகக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். விலை அவர்கள் வைத்ததுதான்.

இதைக் கேட்டதும் நம் தாத்தா பாட்டிகளுக்கு என்ன நினைவு வரும்? சம்பள நாளில் கிராணியார் மேசைக்குப் பக்கத்தில் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் வந்து நிற்குமே, அது நினைவு வரும். தோட்டக் கடையில் அரிசியும் உப்பும் பற்று எழுதி வாங்கி, மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். இந்தியா 1938-இல் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது வரை, கங்காணிகளால் அழைத்து வரப்பட்டுக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள்தாமே நாம். கென்டக்கிச் சுரங்கத்தானும் நம் பாட்டனும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அவனுடைய கணக்கு இசைத்தட்டில் ஏறி உலகம் சுற்றியது. பாட்டனுடைய கணக்கு கடைக்காரர் புத்தகத்தோடு போயிற்று. இந்தப் பாட்டைத் துரையின் பாட்டு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

தாய்மார்களுக்கு ஐந்தாவது பாட்டு. டாலி பார்ட்டன் 1971-இல் பாடிய 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்'. டென்னசி மலையில் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த ஏழை வீடு அவருடையது. அவரைப் பிரசவம் பார்த்த மருத்துவருக்குத் தந்தை கொடுத்த கூலி ஒரு மூட்டைச் சோளமாவு. தாய் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த சட்டையை மகள் பெருமையோடு பள்ளிக்குப் போட்டுப் போகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவளுக்கோ அந்தச் சட்டையில் தாயின் அன்பு தெரிகிறது. கதை இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையைப் பார்த்துச் சிரிப்பதை நாங்கள் ஆசிரியர்கள் அறிவோம். அந்த அம்மையார் 1995-இல் தொடங்கிய ஏற்பாட்டின் மூலம் சிறு குழந்தைகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்ட புத்தகங்கள் 20 கோடிக்கும் மேல். பாட்டுச் சம்பாத்தியம் அப்படியும் செலவாகிறது.

ஜிம் ரீவ்ஸை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1964 ஜூலையில் விமான விபத்தில் மாண்ட அவருடைய மெத்தென்ற குரலுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த மதிப்பு சொல்லி முடியாது. அவர் இறந்தபின் 1966-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்ற 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' ஆறாவதாக இருக்கட்டும். ஏழாவது, நம் பக்கத்து ஊர்ச் சரக்கு. மேத்யூ டான் என்ற சிங்கப்பூர்க்காரர் 'மேத்யூ அண்டு தி மாண்டரின்ஸ்' குழுவோடு 1978-இல் வெளியிட்ட 'சிங்கப்பூர் கௌபாய்'. மாடும் இல்லை, மேய்ச்சல் வெளியும் இல்லை, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கௌபாய்! வேடிக்கையாகத் தோன்றினாலும் நல்ல பாட்டு. மலாய் கேட்டுப் பழகிய தம்பிமார் இதோடு ரம்லி சாரிப்பின் 'ஸ்வீட் சாரிட்டி' குழு 1979-இல் வெளியிட்ட தொகுப்பையும் தேடிக்கொள்ளலாம்.

பாட்டுகள் ஏழாயின. இவற்றை ஒரு வரிசையில் கோத்து வைக்கும் கருவி எப்போது வந்தது? ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டைக் காட்டியது. லூ ஓட்டன்ஸ் என்பவர் தலைமையில் செய்தது. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் பாட்டும் அந்த நீளத்துக்கே பழகிவிட்டிருந்தது. ஆகவே பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. வகுத்தல் கணக்கை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இருபது பாட்டை எழுதிக் கடைக்காரரிடம் நீட்டினால் பதிந்து கொடுப்பார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இது பெரிய தொழிலாக நடந்தது. சிராங்கூன் சாலைக் கேசட்டுக் கடைகளிலிருந்து ஜொகூர்ப் பாலம் தாண்டித் தோட்டத்துக்கு வந்த பாட்டுகள் எத்தனை! சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மாதம் ஒரு முறை வரும்போது பையில் பிஸ்கட்டு டின்னும் கேசட்டும் இருக்கும். அறிவிப்பாளர் தயவு இல்லை, அரசாங்கத்தின் ரசனை இல்லை. பட்டியல் முழுவதும் நம்முடையது.

ஆனால் அந்த மலிவுக்கு ஒருவர் விலை கொடுத்தார். பாடியவரும் இசைத்தவரும்தான் அவர். நகல் கேசட்டு விற்றதில் அவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் உலகிலேயே பெரிய நகல் கேசட்டுச் சந்தைகளில் ஒன்று என்று சிங்கப்பூர் பெயர் கெட்டுக் கிடந்தது. வெளிநாடுகளின் நெருக்குதலுக்குப் பின் 1987-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்து, ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கேசட்டு விலை ஏறியது என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். வெட்டின பாலுக்குக் கூலி வேண்டும் என்று நிற்கிற நாம், பாடின பாட்டுக்குக் கூலி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இந்த விஷயத்தில் நாம் கடைக்காரர் பக்கம் இல்லை.

அதே சிங்கப்பூர் சில ஆண்டுகளில் நேர்மாறான ஒரு பாத்திரத்தில் தோன்றியதுதான் விந்தை. சிம் வோங் ஹூ என்ற இளைஞர் 1981-இல் சைனாடவுன் பகுதியில் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடையாக 'கிரியேட்டிவ்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஹார்மோனிக்கா வாசிப்பதில் பிரியம் உள்ளவர். ஊமையாகக் கிடந்த கணினிக்குப் பாடும் குரல் கொடுத்த 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை 1989-இல் அவருடைய கடைச் சரக்காக வெளிவந்தது. 2000-த்தில், ஏராளமான பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் கையடக்கக் கருவியையும் விற்றார்கள். ஆயிரம் பாட்டு இருந்தால் வேண்டியதை எப்படித் தேடுவது? பாடகர், தொகுப்பு, பாட்டு என்று படிப்படியாக இறங்கித் தெரிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாட் கருவியில் அந்த முறையைப் பயன்படுத்துகிறது என்று வழக்கு எழுந்தது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. நகல் ஊர் என்று ஏசப்பட்ட ஊருக்கு, பாட்டைத் தேடியெடுக்கும் வழிக்காக அமெரிக்கக் கம்பெனி பணம் கட்டியது! சிம் 2023 ஜனவரியில் மறைந்தார்.

இன்று கைப்பேசியே பட்டியலைத் தயாரித்து நீட்டுகிறது. நேற்று என்ன கேட்டீர்கள் என்று பார்த்து, அதைப் போலவே இன்னும் பத்து தருகிறது. வசதிதான். ஆனால் சினிமாப் பாட்டு மட்டும் கேட்ட பிள்ளைக்கு அது தானாக 'சிக்ஸ்டீன் டன்ஸ்' கொண்டுவந்து கொடுக்குமா என்பது நமக்குச் சந்தேகம். பழைய ரெடிஃப்யூஷன் பெட்டி வேறு உருவத்தில் திரும்பி வந்ததோ என்று சில நேரம் தோன்றுகிறது.

மனிதர் உட்கார்ந்து தொகுத்த பட்டியலுக்கு ஒரு மாதிரி வேண்டுமானால் 1977-இல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களைச் சொல்லலாம். அவற்றில் ஒரு பொன் முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. பூமியில் இருந்து 27 இசைப் பகுதிகள், ஏறக்குறைய 90 நிமிடம். பெரிய கேசட்டு ஒன்றின் அளவு! அதில் கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானிப் பாட்டும் இருக்கிறது. கறுப்பின அமெரிக்கரான சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' என்ற ராக் பாட்டும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் நாட்டுப்புறப் பையன் ஒருவன் கித்தாரில் மட்டும் புலியாக இருப்பதைப் பற்றியது அது. எங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்காரர்களுக்காக இதை எட்டாவதாக எழுதிக்கொள்கிறோம்.

அறுபது நிமிடக் கேசட்டுக் கணக்கில் இன்னும் பன்னிரண்டு இடம் காலியாக இருக்கிறது. அவற்றை வீட்டார் கூடிப் பேசி நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டின் பெயரோடு பாடியவர் பெயரையும் ஆண்டையும் பிள்ளைகள் எழுதட்டும். ஓர் இடத்தை மட்டும் பாட்டிக்கு ஒதுக்குங்கள். பால் வெட்டப் போகும் முன் பிள்ளையைத் தூங்கவைக்க அவர் பாடிய தாலாட்டு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. கைப்பேசியில்தான் பதிய வேண்டும்.